பால் சங்கக் கணக்கைப் பைத்தானில் சேமிப்பது: சிஎஸ்வியா, ஜேசானா, எக்செல்லா?

கேள்வி | 4 பிப்ரவரி 2025, இரவு 8:50

எங்கள் ஊர் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் அப்பா செயலாளர். நோட்டில் எழுதும் கணக்கைக் கணினிக்கு மாற்ற பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறேன். உறுப்பினர் எண், பெயர், காலையா மாலையா, எத்தனை லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), இவ்வளவுதான். சிஎஸ்வியாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் கோப்பு) சேமித்தால் எக்செல்லில் தமிழ்ப் பெயரெல்லாம் குப்பையாக வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு காலி வரி வேறு. தமிழுக்கு சிஎஸ்வி ஒத்துவராது, ஜேசானுக்கு (பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) மாறு என்கிறான் நண்பன். எது சரி?

4 பிப்ரவரி, இரவு 9:30

தமிழுக்கு சிஎஸ்வி நன்றாகவே ஒத்துவரும் தம்பி. உங்கள் கோப்பும் கெடவில்லை. நோட்பேடில் திறந்து பாருங்கள், பெயரெல்லாம் அப்படியே இருக்கும். எக்செல்தான் தப்பாகப் படிக்கிறது.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குப்பையாகத் தெரியும்போது எக்செல்லில் சேமித்துவிடாதீர்கள். மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இதுவரை பிழை திரையில் மட்டும்தான் இருக்கிறது. சேமித்துவிட்டால் கோப்புக்குள் இறங்கிவிடும்.

மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, இரவு 10:40

குப்பையை உற்றுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடிதான் திரும்பத் திரும்ப வரும். காரணம் இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். அதில் எந்தக் குறியை எடுத்தாலும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 'த' என்றால் 224, 174, 164. பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். எக்செல் மூன்று பைட்டையும் ஒரே எழுத்தாகச் சேர்க்காமல் தனித்தனி எழுத்தாகப் படித்திருக்கிறது. புள்ளி வரும் இடத்தில் இரண்டாவது பைட் 175 என்பதால் ஆருக்குப் பதில் மேலே ஒரு சின்னக் கோடு தெரியும். இந்த அடையாளம் மனதில் இருந்தால், அடுத்த முறை குப்பையைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது நல்ல தமிழ் என்று கண்டுகொள்ளலாம்.

தீர்வு சின்னது. கோப்பைத் திறக்கும் வரியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8' என்று மட்டும் கொடுக்காமல் 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட் சேரும். எக்செல் அதைப் பார்த்ததும் இது யூனிகோட் என்று புரிந்துகொள்ளும். இரட்டைக் கிளிக் செய்தாலே தமிழ் தமிழாக வரும்.

திரும்பப் படிக்கும்போதும் அதே 'சிக்' வேண்டும். இல்லாவிட்டால் அந்த முத்திரை முதல் நெடுவரிசைத் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. திரையில் 'உறுப்பினர்' என்றுதான் இருக்கும், ஆனால் நிரல் அப்படி ஒரு தலைப்பே இல்லை என்று பிழை காட்டும்.

காலி வரி வேறு கதை. பைத்தானின் சிஎஸ்வி தொகுதி ஒவ்வொரு வரிக்கும் முடிவுக் குறியைத் தானே போடும். விண்டோஸில் கோப்பைச் சாதாரணமாகத் திறந்திருந்தால் அதற்கு மேல் இன்னொன்று சேரும். எக்செல் இரண்டையும் வரி முடிவாக எடுத்துக்கொள்கிறது. 'நியூலைன்' என்ற இடத்தில் வெற்று மேற்கோள் கொடுத்துத் திறந்தால் போய்விடும். பைத்தான் ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

5 பிப்ரவரி, காலை 6:15

நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது: "நான் என்கோடிங் எதுவுமே கொடுப்பதில்லை, லினக்ஸில் சரியாக ஓடுகிறது, வாடிக்கையாளரின் விண்டோஸில் மட்டும் பிழை வருகிறது."

கொடுக்காவிட்டால் பைத்தான் அந்தந்தக் கணினியின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8. விண்டோஸில் அந்த மேற்கத்திய அட்டவணையாக இருந்தால் அதில் தமிழுக்கு இடமே இல்லை, 'த' என்று எழுதப் போனதும் நிரல் நின்றுவிடும். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8 என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை, அதற்குப் பிறகும்கூட, கையால் எழுதிவிடுவதுதான் நல்லது. உங்கள் நிரல் யார் கணினியில், எந்தப் பதிப்பில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது.

5 பிப்ரவரி, இரவு 9:05

தம்பி நிரலை ஒட்டியிருக்கிறார். பார்த்தேன். உள்ளீடு வாங்கும் பகுதி தெளிவாக இருக்கிறது. ஆனால் சேமிக்கும் இடத்தில் மதிப்புகளைக் காற்புள்ளியால் ஒட்டி வரியாக்கியிருக்கிறார். அதை மாற்றுங்கள். உங்கள் பட்டியலிலேயே ஒருவர் பெயரில் காற்புள்ளி இருக்கிறது. கையால் ஒட்டினால் அவருக்கு மட்டும் ஒரு நெடுவரிசை கூடிப்போய், லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 'காலை' வந்து உட்காரும். சிஎஸ்வி தொகுதியின் எழுதியைக் கொண்டு எழுதினால் இப்படி வரும்:

உறுப்பினர்,பெயர்,வேளை,லிட்டர்,கொழுப்பு
0047,"முருகேசன், ப.",காலை,6.4,4.2
0051,"செல்வி ""பெரியவீடு""",காலை,3.8,4.6

காற்புள்ளி உள்ள மதிப்பு மேற்கோளுக்குள் போய்விட்டது. மேற்கோளே உள்ள மதிப்பில் அது இரட்டித்திருக்கிறது. சிஎஸ்வி 1970களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் இந்த வழக்கங்களை ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணமாக எழுதி வைத்தது 2005இல்தான். அதனால்தான் பழைய மென்பொருள்கள் தரும் சிஎஸ்வி ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமத்துக்கே காற்புள்ளிதான் என்பதால், அங்கே எக்செல் அரைப்புள்ளியால் பிரித்துத் தரும்.

6 பிப்ரவரி, இரவு 10:20

உறுப்பினர் எண்ணை 0047 என்று எழுதிக் காட்டினேன் அல்லவா? எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் அது 47 ஆகிவிடும். கோப்பில் 0047 என்றுதான் இருக்கிறது. எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யங்களைக் கழற்றிவிடுகிறது. உறுப்பினர் எண்ணோடு நின்றால் சமாளிக்கலாம். வங்கிக் கணக்கு எண்ணில் நடந்தால் பணம் போய்ச் சேராது.

எனக்குத் தெரிந்த ஒரு மகளிர் குழுவில் நடந்தது. பட்டியல் தயாரித்தவர் கணக்கு எண்களை சிஎஸ்வியில் சரியாகத்தான் எழுதியிருந்தார். நடுவில் ஒருவர் அதை எக்செல்லில் திறந்து, ஒரு பெயரைத் திருத்திச் சேமித்து அனுப்பினார். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் பூஜ்யம் போட்டுவிடும். 16 இலக்கக் கணக்கு எண்கள் எல்லாமே 0இல் முடிந்தன. பணம் திரும்பி வந்த பிறகு, அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் கூலி வேலையை விட்டுவிட்டுப் பாஸ்புக்கோடு வந்து நின்றார்கள். பட்டியலை மீண்டும் தட்டச்சு செய்ய உதவப் போனவன் நான். அன்றிலிருந்து இந்த விஷயத்தை யார் கேட்டாலும் நீட்டித்தான் சொல்கிறேன்.

ஆதார் போன்ற 12 இலக்க எண்ணும் தப்பாது. திரையில் 'நான்கு புள்ளி ஏதோ, ஈ பிளஸ் 11' என்று அறிவியல் குறியீடாகச் சுருங்கும். அந்தக் கோலத்திலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியதுதான் கோப்பில் எழுதப்படும். மீதி இலக்கங்களை எங்கிருந்தும் மீட்க முடியாது.

ஆகவே எக்செல்லில் திறப்பார்கள் என்று தெரிந்தால் சிஎஸ்வி கொடுக்காதீர்கள். ஓப்பன்பைஎக்செல் தொகுதியைக் கொண்டு எக்செல் கோப்பாகவே எழுதிக் கொடுங்கள். கணக்கு எண், உறுப்பினர் எண், கைபேசி எண் மூன்றையும் சரமாக, அதாவது எழுத்துத் தொடராகக் கொடுத்து, அந்தக் கட்டங்களின் வடிவத்தை 'உரை' என்று வையுங்கள். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை, உரைதான்.

7 பிப்ரவரி, காலை 5:50

அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுதி இருக்கும்போது ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கிறார் ஒருவர். எனக்கும் பாண்டாஸ் பிடிக்கும், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் சொல்லாவிட்டால் அதுவும் 0047ஐ 47 ஆகத்தான் படிக்கும். கைபேசி எண் நெடுவரிசையில் ஒருவருக்கு எண் இல்லாமல் காலியாக இருந்தால், மற்ற எல்லாருடைய எண்ணுக்கும் பின்னால் 'புள்ளி பூஜ்யம்' ஒட்டிக்கொள்ளும், நெடுவரிசை முழுவதும் தசமமாகிவிடுவதால். படிக்கும்போதே வகையைச் சரம் என்று சொல்லிவிட வேண்டும். எழுதும்போது வரிசை எண் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், படித்து எழுதும் ஒவ்வொரு முறையும் பெயரில்லாத ஒரு நெடுவரிசை கூடிக்கொண்டே போகும்.

7 பிப்ரவரி, இரவு 9:45

இப்போது ஜேசான். தம்பியின் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜேசானில் "0047" மேற்கோளுக்குள் இருந்தால் அது உரை, 6.4 எண். யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு உறுப்பினருக்குள் இரண்டு மாடு, மாட்டுக்குள் தடுப்பூசி விவரம் என்று அடுக்கடுக்காக வைக்க வேண்டுமென்றால் சிஎஸ்வியில் முடியாது, ஜேசானில் முடியும்.

தமிழில் எழுதிப் பார்த்ததும் எல்லாரும் அதிர்ச்சியாவது ஒரு இடத்தில். கோப்பைத் திறந்தால் தமிழே இருக்காது. பின்சாய்கோடும் 'யு' எழுத்தும் நான்கு இலக்கமுமாக நிறைந்திருக்கும். 'என்ஷூர் ஆஸ்கி' என்ற அமைப்பு இயல்பாகவே 'ஆம்' என்று இருப்பதால் வருவது அது. தரவு கெடவில்லை, திரும்பப் படித்தால் தமிழ் வந்துவிடும். ஆனாலும் அதை 'இல்லை' என்று மாற்றிவிடுங்கள். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. நேராக எழுதினால் 15 பைட். மாற்றாமல் விட்டால் 30. கோப்பு இரண்டு மடங்கு. அதைவிட முக்கியம், இரவு பத்து மணிக்கு யாருக்கோ பில் தப்பாக வந்தால் உங்கள் அப்பாவே நோட்பேடில் திறந்து பெயரைத் தேடிப் பார்க்க முடிய வேண்டும்.

சிஎஸ்விக்குச் சொன்ன 'சிக்' இங்கே வேண்டாம். ஜேசானுக்கான ஆர்எஃப்சி 8259, 2017இல் வந்தது, பரிமாறும் கோப்பு யூடிஎஃப்-8இல் இருக்க வேண்டும், தலையில் அந்த முத்திரை கூடாது என்கிறது. முத்திரையோடு எழுதிவிட்டுச் சாதாரணமாகப் படித்தால் பைத்தானே பிழை காட்டி நிற்கும்.

தேதியை அப்படியே கொடுத்தால் ஜேசான் ஏற்காது, சரமாக்கித்தான் கொடுக்க வேண்டும். 2025-02-07 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதுங்கள். 07/02/2025 என்றால் அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி ஜூலை 2 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதிக்கு மேல் அப்படிப் படிக்க முடியாது என்பதால் மாதத்தில் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் வரும்.

8 பிப்ரவரி, இரவு 8:30

ஜேசானில் எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. வரிசையின் கடைசியில் ஒரு அடைப்பு மூடினால்தான் கோப்பு முழுமை. ஒரு பதிவு சேர்க்க வேண்டுமென்றாலும் முழுக் கோப்பையும் மறுபடி எழுத வேண்டும். கோப்பை எழுதுவதற்காகத் திறந்த அந்தக் கணமே பழைய உள்ளடக்கம் அழிந்து 0 பைட் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் புதியது எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மாலைப் பால் ஊற்றும் நேரத்தில் மின்சாரம் போகாத ஊர் எது?

இதற்கு வழி இருக்கிறது. அதே அடைவில் வேறு பெயரில் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதுங்கள். எழுதி முடித்ததும் 'ஃப்ளஷ்', பிறகு 'எஃப்சிங்க்' சொல்லி வட்டில் உண்மையாகவே எழுதச் சொல்லுங்கள். கடைசியில் ஓஎஸ் தொகுதியின் 'ரீப்ளேஸ்' கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். எந்த நொடியில் மின்சாரம் போனாலும் பழைய முழுக் கோப்போ புதிய முழுக் கோப்போ ஒன்று கையில் இருக்கும்.

இன்னொரு வழி, வரிக்கு ஒரு ஜேசான்:

{"உறுப்பினர்": "0047", "வேளை": "மாலை", "லிட்டர்": 5.9}
{"உறுப்பினர்": "0051", "வேளை": "மாலை", "லிட்டர்": 3.5}

மொத்தமாக மூடும் அடைப்பு கிடையாது. கடைசியில் ஒட்டிக்கொண்டே போகலாம். மின்சாரம் போனால் கடைசி வரி மட்டும் அறுந்திருக்கும்.

10 பிப்ரவரி, இரவு 9:15

தம்பி இப்போதுதான் முழு விவரம் சொல்கிறார். அளப்பவர் ஒருவர், கொழுப்பு பார்ப்பவர் இன்னொருவர், இரண்டு பேரும் தனித்தனித் திரையில் பதிகிறார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. நடுவில் விலை மாறும்.

அப்படியென்றால் நான் வேறு யோசனை சொல்வேன். மூலக் கணக்கை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் வையுங்கள். சிஎஸ்வி, எக்செல் இரண்டும் அதிலிருந்து தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கும் நகலாக இருக்கட்டும். நகலில் யார் எதைத் திருத்தினாலும் மூலம் தொடப்படாது. மகளிர் குழுவில் அப்படி ஒரு மூலம் இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் பட்டியலை மறுபடி எடுத்திருக்கலாம்.

எஸ்கியூலைட் என்றதும் சர்வர், கடவுச்சொல் என்று பயப்பட வேண்டாம். ஒரே ஒரு கோப்பு. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. பைத்தானோடு 2006இலிருந்தே சேர்ந்து வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். உங்கள் கைபேசிக்குள்ளேயும் இருக்கிறது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் சிஎஸ்வி, ஜேசானோடு இதுவும் ஒன்று. நான் போன பதிவில் தற்காலிகக் கோப்பு, பெயர் மாற்றம் என்று எழுதிய வேலையெல்லாம் இங்கே உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. 'கமிட்' ஆனது, அதாவது முழுதாகப் பதிந்து உறுதியானது இருக்கும், ஆகாதது இருக்காது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. அட்டவணை போடும்போது உறுப்பினர் எண் நெடுவரிசையை முழு எண் என்று அறிவித்தால், நீங்கள் "0047" என்று சரமாகவே கொடுத்தாலும் எஸ்கியூலைட் அதை 47 ஆக்கிவிடும். 'டெக்ஸ்ட்' என்று அறிவியுங்கள்.

தேதி, வேளை, உறுப்பினர் எண் மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று கட்டுப்பாடு போடலாம். பொத்தானை இருமுறை அழுத்தி இரட்டைப் பதிவு விழுவது நின்றுவிடும்.

11 பிப்ரவரி, காலை 6:05

"ஒரே வேளையில் இரண்டு கேனில் பிரித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்" என்கிறார் தம்பி. பார்த்தீர்களா, கணக்கு எழுதுகிறவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். அப்போது கேன் எண் என்று ஒரு நெடுவரிசை சேர்த்து நான்கையும் சேர்த்துக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே பதிவாக்க வேண்டாம். கொழுப்பு இரண்டிலும் வேறாக இருக்கும், விலை அதைப் பொறுத்தது.

இரண்டு திரை என்றீர்கள். ஒரே கணினியில் இரண்டு சாளரம் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு கணினியிலிருந்து பகிர்ந்த நெட்வொர்க் அடைவில் இருக்கும் எஸ்கியூலைட் கோப்பைத் திறப்பது ஆபத்து, பூட்டு சரியாக வேலை செய்யாமல் கோப்பு கெடலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. கோப்பு ஒரு கணினியில் இருக்கட்டும், மற்றது உலாவி வழியாக அதோடு பேசட்டும்.

12 பிப்ரவரி, இரவு 10:10

எக்செல்லே மூலமாக இருந்தால் என்ன, உலகமே அதில்தானே ஓடுகிறது என்று ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். பரிசோதனைக் கூடங்களிலிருந்து கோவிட் முடிவுகள் சிஎஸ்வியாக வந்தன. பொது சுகாதார அமைப்பு அவற்றைப் பழைய எக்செல் வடிவத்துக்குள் இழுத்தது. பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான். அதற்கு மேல் வந்தவை உள்ளே போகவே இல்லை. 15,841 பேரின் தொற்று அன்றாடக் கணக்கில் வராமல் போனது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிச் சொல்வதும் தாமதமானது. நன்றாக இருந்த சிஎஸ்வியை எதற்குள் இழுக்கிறோம் என்று யாரும் பார்க்காததன் விலை அது.

மரபணு ஆய்வாளர்கள் கதை இன்னொன்று. செப்டம்பர், மார்ச் என்பவற்றின் சுருக்கம் போலவே இருந்த சில மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருள் தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி எக்செல்லில் வந்தது அதற்குப் பிறகு, 2023இல்.

உங்கள் சங்கத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 உறுப்பினர், இரண்டு வேளை, நாளுக்கு 240 வரி. பழைய வடிவத்தில் ஒன்பது மாதத்தில் தாள் நிரம்பிவிடும். இப்போதைய வடிவத்தில் 10,48,576 வரி, ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் வரும். எஸ்கியூலைட்டில் இந்தக் கவலையே வேண்டாம்.

14 பிப்ரவரி, இரவு 9:00

காசு விஷயம். தம்பி லிட்டரையும் விலையையும் தசம எண்ணாகப் பெருக்கி 'ரவுண்ட்' போட்டிருக்கிறார். 6.2 லிட்டர், லிட்டர் 37.50 ரூபாய். பெருக்கினால் 232.50. முழு ரூபாயாக்கச் சொன்னால் பைத்தான் 232 என்கிறது. சரிபாதியாக இருந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. பால் ஊற்றியவர் வீட்டில் கணக்குப் போட்டால் 233. ஒரு ரூபாய்தான். ஆனால் அந்த ஒரு ரூபாயில் சங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். உங்கள் அப்பாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டெசிமல் தொகுதியைப் பயன்படுத்துங்கள், மதிப்பைச் சரமாகக் கொடுங்கள், பாதி என்றால் மேலே என்று சொல்லுங்கள். சேமிக்கும்போது பணத்தைப் பைசாவாகவும் பாலை மில்லிலிட்டராகவும் முழு எண்ணில் வையுங்கள். 23250, 6200. எந்த வடிவத்தில் எழுதினாலும், எந்த மொழியில் திரும்பப் படித்தாலும் இது மாறாது.

அன்றைய விலையையும் அந்தப் பதிவிலேயே எழுதிவிடுங்கள். விலைப் பட்டியலைத் தனியாக வைத்து அச்சிடும்போது பெருக்கினால், விலை மாறிய பிறகு பழைய பில்லெல்லாம் புது விலையில் வரும்.

16 பிப்ரவரி, மாலை 6:40

"கொளஞ்சி என்று தேடினால் வரவில்லை, பட்டியலில் கண்ணால் பார்க்கிறேன், இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார் தம்பி. நல்ல கேள்வி. தமிழில் நிரல் எழுதுகிற எல்லாருக்கும் ஒரு நாள் வந்தே தீரும்.

'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகர உயிர்மெய்க் குறி ஒன்றாக. அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சரம். ஒரு பெயர் கைபேசி விசைப்பலகையிலிருந்தும் இன்னொன்று பழைய எழுத்துருவை மாற்றிய கோப்பிலிருந்தும் வந்தால் இப்படிக் கலந்துவிடும். சேமிப்பதற்கு முன் யூனிகோட்டேட்டா தொகுதியின் 'நார்மலைஸ்' கொண்டு 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தேடும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். கொ, கோ, கௌ மூன்றும் சரியாகிவிடும்.

கௌவில் மட்டும் இன்னொரு சிக்கல். கொம்பு போட்டு 'ள' என்ற எழுத்தையே பக்கத்தில் தட்டியிருப்பார்கள். கௌரி என்ற பெயரில் அடிக்கடி பார்க்கிறேன். அதை நார்மலைஸ் தொடாது, எழுத்தே வேறு. பெயர்ப் பட்டியலைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் உள்ள பழைய கோப்புகள் பற்றிக் கேட்டவருக்கு: பைத்தானின் உள்ளமைந்த குறியாக்கங்களில் டிஸ்கி கிடையாது. ஓப்பன்-தமிழ் தொகுதியில் மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய கையோடு என்எஃப்சியும் செய்துவிடுங்கள்.

17 பிப்ரவரி, காலை 6:00

பிக்கிள் பற்றி ஒரு வரி. பைத்தான் பொருளை அப்படியே சேமிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பிக்கிள் கோப்பைப் படிப்பது என்றால் அதற்குள் இருக்கும் கட்டளைகளை ஓட்டுவது என்று பொருள். வெளியிலிருந்து வந்த பிக்கிளைத் திறக்கவே கூடாது. வேறு மொழியில் படிக்கவும் முடியாது.

பார்க்கே பற்றிக் கேட்டவருக்கு: கோடிக்கணக்கான வரி, அதில் இரண்டு மூன்று நெடுவரிசை மட்டும் வேண்டும் என்றால் அருமையான வடிவம். நெடுவரிசை வாரியாக அடுக்கி வைப்பதால் வேண்டாததைப் படிக்காமலே தாண்டிவிடும். 2013இல் ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து கொண்டுவந்தது. பால் சங்கத்துக்கு வேண்டாம்.

19 பிப்ரவரி, இரவு 9:50

தம்பி எஸ்கியூலைட்டுக்கு மாறிவிட்டார். முதல் பட்டுவாடாப் பட்டியலை எக்செல்லாக எடுத்து நோட்டோடு வைத்துப் பார்த்ததில் எல்லாம் ஒத்துப்போகிறதாம். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. நோட்டை உடனே நிறுத்திவிடாமல் இரண்டு மூன்று பட்டுவாடா வரை இரண்டையும் நடத்துங்கள்.

நிரலிலேயே ஒரு சோதனையும் வையுங்கள். பட்டியலை எழுதி முடித்ததும் அதே கோப்பைத் திரும்பத் திறந்து படித்து, எத்தனை வரி, மொத்தம் எத்தனை மில்லிலிட்டர், எத்தனை பைசா, ஒவ்வொரு கணக்கு எண்ணும் எத்தனை இலக்கம் என்று மூலத்தோடு ஒப்பிடட்டும். ஒன்று மாறினாலும் கோப்பைக் கொடுக்காமல் நிற்கட்டும்.

கடைசியாகக் கேட்டது: நகல் கோப்புக்குப் பெயர் எப்படி வைப்பது? நேரத்தைச் சேர்க்க ஆசைப்பட்டு 6:30 என்று முக்காற்புள்ளி போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் அதை ஏற்காது. சில நேரம் பிழைகூடக் காட்டாமல் முக்காற்புள்ளிக்கு முன்பு வரை மட்டும் பெயருள்ள 0 பைட் கோப்பு ஒன்று தெரியும், எழுதியதெல்லாம் கண்ணில் படாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். 2025-02-19-காலை, 2025-02-19-மாலை என்று வையுங்கள். பெயர் வாரியாக அடுக்கினாலே தேதி வரிசையில் வரும், ஒரே நாளில் காலைக்குப் பிறகு மாலையும் தானாக அமையும்.